யார் முகத்துக்கு ஷாட் வைப்பது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் ஊடகவியல் மாணவி. தொலைக்காட்சி நாடகங்கள் சமூக வர்க்கத்தையும் இனத்தையும் எந்த உத்திகளால் சித்திரிக்கின்றன என்பது என் ஆய்வுத் தலைப்பு. கேமரா, படத்தொகுப்பு, ஒலி, காட்சியமைப்பு என்று நான்காகப் பிரித்து ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். கேமரா கீழிருந்து மேல்நோக்கும் தாழ்கோணம் என்றால் அதிகாரம், மேலிருந்து கீழ்நோக்கும் உயர்கோணம் என்றால் பலவீனம், மங்கிய ஒளி என்றால் வறுமை, செவ்வியல் இசை என்றால் செல்வம் என்று குறித்திருக்கிறேன். இந்த நான்கில் எது முதன்மையானது? இன்று எல்லா இனத்தவரும் திரையில் வருகிறார்கள் என்பதால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்று முடிக்கலாமா? நீங்கள் தொடர்களுக்கு வசனம் எழுதியவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் சில பழைய நாடகங்களை ஒலியை அணைத்துவிட்டு மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த முகம் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது என்பதை மட்டும் கவனிப்பது என் நோக்கமாக இருந்தது. நீங்கள் கேட்டிருப்பதும் ஏறத்தாழ அதைத்தான் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். தாழ்கோணத்துக்கு அதிகாரம் என்று பொருள் எழுதி வைப்பது, சோதிடர் கிரகத்துக்குப் பலன் எழுதுவதைப் போன்றது. தரையைத் துடைக்கும் பெண்ணின் கண்மட்டத்தில் கேமராவை வைத்தால் அதுவும் தாழ்கோணம்தான். அங்கிருந்து பார்க்கும்போது எசமானின் காலணி பெரிதாகத் தெரிவது அவருடைய அதிகாரத்தைக் காட்டுகிறதா, அவளுடைய பார்வை நமக்குக் கிடைத்துவிட்டதைக் காட்டுகிறதா? இரண்டும்தான். எந்தப் பொருள் மேலோங்கும் என்பதை அடுத்த ஷாட் முடிவு செய்யும். அடுத்த ஷாட்டைப் பார்க்காமல் கோணத்துக்குப் பொருள் சொல்லும் பழக்கத்தை உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் ஒரு படத்தொகுப்பு அறையில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஆடை, அறைகலன், வீட்டின் அளவு பற்றி நீங்கள் எழுதியவை எல்லாம் சரி. அவை யாரும் சொல்லாமலே பார்வையாளருக்குத் தெரிபவை; அவற்றுக்கு ஆய்வு தேவையில்லை. ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறேன். 2010-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடரான ‘டவுன்டன் ஆபி’-இல் மாடியில் வாழும் பிரபுக்களின் அறைகள் பெரும்பாலும் ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹைகிளியர் மாளிகையில் படமாக்கப்பட்டன. பணியாளர்களின் சமையலறையும் கூடமும் லண்டனின் மேற்கில் உள்ள ஈலிங் ஸ்டுடியோவில் போடப்பட்ட செட்டுகள். ஆகவே தட்டை ஏந்திய பணியாளர் ஒரு கதவைத் திறந்து மாடிக்குப் போகும்போது, உண்மையில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகிறார். இரண்டு உலகங்களையும் ஒரே வீடாக நம்மை நம்பவைப்பது முழுக்க முழுக்கப் படத்தொகுப்பின் வேலை.

இனி எனக்கு முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு நாடகத்தில் ஒருவருடைய வர்க்கத்தை அவருடைய சட்டையைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது ரியாக்‌ஷன் ஷாட். ஒருவர் பேசும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்குத் தொகுப்பாளர் வெட்டிச் சென்றால், இந்த மனிதருக்குள் ஏதோ ஓடுகிறது, அதற்காகக் கதை ஒரு கணம் காத்திருக்கிறது என்று பார்வையாளருக்குச் செய்தி போய்விடுகிறது. வெட்டாமல் விட்டால், அவர் அறையில் இருக்கும் மேசையோடு சேர்ந்துவிடுகிறார். தட்டு வந்தது, கை வந்தது, கோப்பை வைக்கப்பட்டது, கை போனது. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருந்ததா என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இதை இயக்குநர்களின் மேட்டிமைப் புத்தி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையின் சிறு பகுதிதான். பெரும்பகுதி அன்றைய படப்பிடிப்பின் கால அட்டவணையில் இருக்கிறது. ஒரு காட்சியை முதலில் எல்லோரும் தெரியும்படி அகலமான மாஸ்டர் ஷாட்டாக எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு முக்கிய நடிகருக்கும் தனித்தனியாகக் குளோசப் எடுப்பார்கள். கேமரா எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டுமானால் விளக்குகளையெல்லாம் மாற்றி அமைக்க வேண்டும். அதற்கு நேரம் போகும், தொலைக்காட்சியில் நேரம் என்பது பணம். பொழுது சாயும்போது முதலில் கைவிடப்படுவது கதவோரம் நிற்கும் ஓட்டுநரின் குளோசப்தான். இதோடு ஊதிய விதியும் சேர்கிறது. அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தப்படி, பின்னணியில் நிற்கும் துணை நடிகர் ஒரு வரி வசனம் பேசினால்கூட அவர் பேசும் நடிகருக்குரிய உயர்ந்த ஊதியப் பிரிவுக்குள் வந்துவிடுவார். எனவே தயாரிப்பு மேலாளர் அந்த வரியை அடிக்கச் சொல்வார். பணியாளர்கள் திரையில் வாய்பேசாதவர்களாகத் திரிவதற்கு எழுத்தாளரின் கற்பனை வறட்சி பாதிக் காரணம் என்றால், வரவுசெலவுக் கணக்கு மீதிக் காரணம்.

நான் வசனம் எழுதிய ஒரு தொடரில், வசதியான குடும்பம் ஒன்று கூடத்தில் உட்கார்ந்து, நெடுங்காலம் அவ்வீட்டில் வேலை செய்த பெண்ணை நிறுத்திவிடலாமா என்று பேசும் காட்சி இருந்தது. அந்தப் பெண் அங்கேயே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வசனம் இல்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதற்காகவே அந்தக் காட்சியை எழுதியிருந்தேன். படத்தொகுப்பு அறைக்குப் போனபோது குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் குளோசப் இருந்தது, வீட்டுப் பையனுக்கு இரண்டு இருந்தன, அவளுக்கு முதுகு மட்டும் இருந்தது. நான் கத்தினேன். தொகுப்பாளர் பொறுமையானவர். “எடுக்காத முகத்துக்கு நான் எப்படிப் போவேன்?” என்றார். பிறகு அவரே கண்டுபிடித்தார். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன், ஒளிப்பதிவாளர் ஃபோகஸைச் சரிபார்க்க அவள் பக்கம் கேமராவைத் திருப்பிய சில நொடிகள் பதிவாகியிருந்தன. அந்த நடிகை அப்போது எதையும் நடிக்கவில்லை. எப்போது தொடங்குவார்கள் என்று களைப்புடன் நின்றுகொண்டிருந்தார். அந்த நொடிகளைக் குடும்பத் தலைவரின் ஒரு வசனத்துக்குப் பின்னால் வைத்தோம். ஒளிபரப்பான பிறகு அந்தக் காட்சியில் அவருடைய நடிப்பைப் பாராட்டி எனக்குக் கடிதங்கள் வந்தன.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் குலெஷோவ், ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற ஒரே முகத்தைச் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டி, பார்வையாளர்களே அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் படித்துக்கொள்வதை விளக்கினார் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அதைக் கலையின் மாயமாக மட்டும் கற்பிக்கிறார்கள். அதற்குள் ஒரு பங்கீட்டுக் கேள்வி இருக்கிறது: பசியையோ துயரத்தையோ நாம் படித்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் ஒரு முகம் தரப்பட்டிருக்க வேண்டும். சொல்லுங்கள், எங்கள் தொடரின் அந்தச் சில நொடிகளை உங்கள் அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? கோணம் சாதாரணக் கண்மட்டம். ஒளி, அறை முழுவதற்கும் போட்ட ஒளி. இசை இல்லை. அட்டவணைப்படி அந்த ஷாட்டுக்குப் பொருளே கிடையாது.

மாற்றிச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1966 நவம்பரில் பிபிசி ஒளிபரப்பிய, கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ வீடிழந்த ஒரு குடும்பத்தின் கதை. 16 மி.மீ. கேமராவைக் கையில் ஏந்தித் தெருவிலும் குடியிருப்புகளிலும் பெரும்பகுதியை எடுத்தார்கள். கதையில் பெயரில்லாத மனிதர்களின் முகங்களும் குரல்களும் நாயகியின் கதைக்குக் குறுக்கே வந்துகொண்டே இருக்கும். கையில் ஏந்திய கேமரா ஆடுவதைப் பார்த்து ‘நடுங்கும் கேமரா வறுமையின் குறியீடு’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். விளக்குகளை மாற்றக் காத்திருக்காமல் யார் பக்கமும் உடனே திரும்ப அதனால் முடிந்தது என்பதே அங்கு பொருட்படுத்த வேண்டியது.

இனம் பற்றி. இங்கே முகத்துக்கு ஷாட் கிடைப்பது மட்டும் போதாது, கிடைத்த ஷாட்டில் முகம் தெரிய வேண்டும். கோடாக் நிறுவனம் புகைப்படக் கூடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெளிர்தோல் பெண்ணின் படமே அளவுகோலாக இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டால், அதே சட்டகத்தில் நிற்கும் கருந்தோல் முகம் நிழலாகிவிடும். இது இயற்கையின் குறை அல்ல. நிறத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப்பில் மனிதத் தோல்கள் எல்லாமே ஏறத்தாழ ஒரே கோட்டையொட்டித்தான் விழுகின்றன. வேறுபடுவது வெளிச்சத்தின் அளவுதான். அமெரிக்கத் தொடரான ‘இன்செக்யூர்’-க்கு ஒளிப்பதிவு செய்த ஏவா பெர்காஃப்ஸ்கி, கருந்தோல் மீது விளக்கை நேரடியாகக் கொட்டாமல், ஒளியை வேறொரு பரப்பில் மோதித் திரும்பச் செய்து, ஒப்பனையில் தோலுக்குச் சற்று மினுமினுப்பும் கொடுத்து எடுத்த முறையை 2017-இல் விளக்கியிருக்கிறார். அக்கறை இருந்தால் வழி இருக்கிறது.

மொழியையும் கவனியுங்கள். 1951-இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடர்தான். அதில் கியூபாவிலிருந்து வந்த கணவர் கோபம் வந்தால் ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவார். மொழிபெயர்ப்பு வராது, அரங்கச் சிரிப்பு வரும். அவர் என்ன சொன்னார் என்பதைவிட, புரியாதபடி சொன்னார் என்பதே வேடிக்கை. 2002-இல் தொடங்கிய அமெரிக்கக் குற்றத் தொடரான ‘தி வயர்’ பால்டிமோர் நகரத் தெருக்களின் பேச்சை எந்த விளக்கமும் இன்றி ஓடவிட்டது. அங்கேயும் புரியாது, ஆனால் சிரிக்க யாரும் இல்லை, தடுமாறுவது பார்வையாளர்தான். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் வரும் காட்சித் தொகுப்புகள் தவிர மற்ற இடங்களில் கதைக்கு வெளியிலிருந்து இசையும் பெரும்பாலும் வராது. ஆகையால் இன்னாருக்கு இரங்கு, இன்னாருக்கு அஞ்சு என்று காதில் யாரும் ஓதுவதில்லை.

பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்கள். நாயகியின் தோழியாக, நாயகனின் சக அதிகாரியாகச் சிறுபான்மை இனத்தவர் இன்று ஏராளமாக வருகிறார்கள். நன்றாக ஒளியூட்டிய ரியாக்‌ஷன் ஷாட்களும் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. நாயகி அழுதால் தோழியின் முகம் வாடும். நாயகன் துப்புக் கண்டுபிடித்தால் சக அதிகாரியின் புருவம் உயரும். அவ்வளவும் மற்றொருவரின் கதைக்கு அவர்கள் தரும் எதிர்வினை. நான் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தபோது தேடியது வேறு: நாயகி கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, கேமரா அந்த அறையில் தோழியுடன் சில நொடிகளாவது தங்குகிறதா, அல்லது கதவுக்கு வெளியே நாயகியின் பின்னாலேயே ஓடிவிடுகிறதா? பெரும்பாலும் ஓடிவிடுகிறது. திரையில் எத்தனை இனத்தவர் வருகிறார்கள் என்று தலைகளை எண்ணும் ஆய்வுகளில் இது தட்டுப்படாது, ஏனென்றால் அந்தத் தோழி அங்கே ஒரு தலையாக எண்ணப்பட்டுவிட்டாள்.

நான்கில் எது முதன்மை என்ற கேள்வியைத் தேர்வாளரிடமே விட்டுவிடுங்கள். மதிப்பெண்ணுக்கு நான்கைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், எழுதுங்கள். ஆனால் ஆய்வுக்கு ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஷாட், அவற்றில் எத்தனை அவர் பேசாதபோது வைத்தவை, மற்றவர் வெளியேறிய பிறகு யாருடன் கேமரா நின்றது என்று குறியுங்கள். குறித்ததை எனக்கும் அனுப்புங்கள். கோபித்துக்கொண்டு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

அன்புடன்.