பனிக்குளிரைத் தாங்கி ஆண்டுதோறும் பூக்கும் 'யாரோ' (Yarrow) என்ற செடியைக் களிமண் தோட்டத்தில் வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். ஒட்டாவாவில் வீடு, களிமண், தினமும் தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ஊர்தான். குளிரைப் பற்றிய கவலையை விடுங்கள். அக்கிலியா மில்லிஃபோலியம் என்ற இந்தச் செடி கனடாவின் சாலையோரங்களில் தானாகவே முளைத்துக் கிடப்பது. செடிகள் தாங்கும் குளிரை வைத்து ஊர்களை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், எண் குறையக் குறையக் குளிர் கூடும். நம் ஊர் 5ஆம் குளிர் மண்டலம். இது 3ஆம் மண்டலம் வரை தாங்கும். பனிக்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் வேர்த்தண்டிலிருந்து வசந்தத்தில் மறுபடி தளிர்க்கும்.

உங்களுடைய சிக்கல் களிமண்தான். மைனஸ் 25 டிகிரியில் சாகாத செடி, பனி உருகும்போது வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிப்போகும். ஆகவே மண்ணை மேடாக்கி, அல்லது சரிவான இடம் பார்த்து நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும்.

எரு போடாதீர்கள். குழி தோண்டினால் அதில் ஒரு கூடை எருவைக் கொட்டாமல் நம்மவர்களுக்குக் கை அடங்காது! கத்திரிக்காய்க்கு அது சரி. யாரோ செடி கொழுத்த மண்ணில் நெடுநெடுவென்று வளர்ந்து, ஜூலை மாதத்து இடிமழை ஒன்றுக்கே படுத்துவிடும். முதல் ஆண்டு வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள். பிறகு நீண்ட வறட்சி வந்தால் மட்டும் போதும்.

உண்மையில் இதை வளர்ப்பது வேலையே இல்லை, அடக்கி வைப்பதுதான் வேலை. வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடி, புல்தரைக்குள்ளும் புகுந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வசந்தத்தில் தோண்டிப் பிரித்துவிடுங்கள். நடுப்பகுதி வழுக்கை விழுந்திருக்கும். அதை எறிந்துவிட்டு, ஓரத்துத் துண்டுகளை ஒன்றரை அடி இடைவெளியில் நடலாம். நெருக்கமாக விட்டால் இலையில் சாம்பல் நோய் வரும்.

ஓடாத ரகம் வேண்டுமென்றால் 'மூன்ஷைன்' வாங்குங்கள். வெள்ளி நிற இலை, மஞ்சள் பூ, அடக்கமான புதர். ஆனால் ஈரத்தை இன்னும் குறைவாகவே பொறுக்கும். எனக்குப் பிடித்தது 'பாப்ரிக்கா'. சிவப்பாக விரிந்து, வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகி, கடைசியில் பாலாடை நிறத்துக்கு வரும். ஒரே செடியில் மூன்று நிறத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ரகங்களை நாற்றாகவே வாங்குங்கள், விதையில் நிறம் மாறும். சாதாரண வெள்ளை போதுமென்றால் விதைக்கலாம். முளைக்க வெளிச்சம் தேவை என்பதால் மண்ணால் மூடாமல் மேலே தூவி அழுத்திவிட்டால் போதும்.

முதல் பூக்கள் பழுப்பானதும் தண்டைக் கீழ்நோக்கித் தடவிப் பாருங்கள். இலைக்கணுவில் சிறு மொட்டு தட்டுப்படும். அதற்குச் சற்று மேலே வெட்டினால் கோடை முடிவதற்குள் இன்னொரு சுற்றுப் பூக்கும். உலர்த்தி ஜாடியில் வைக்க விரும்பினால், நன்றாக விரிந்த கொத்துகளைக் காற்றோட்டமான இருட்டறையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்.

இது சாமந்திக் குடும்பம். அந்த இனப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இலை பட்டால் தோல் அரிக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நாய், பூனைக்கு இது நஞ்சு. வீட்டில் செடியை மெல்லும் நாய் இருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நடுவதே நல்லது.