டகோகிராப் இருக்கிற பழைய லொறி: மீற்றரை நம்பலாமா?

கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யாழ்ப்பாணத்துக்குக் கிழமைக்கு மூன்று நடை சாமான் அனுப்புகிறேன். வாடகை லொறி கட்டுப்படியாகவில்லை. 2015இல் செய்து 2018இல் இங்கே பதிவான இசுசு ஃபோர்வர்ட் ஒன்று பார்த்திருக்கிறேன். மீற்றரில் 162,000 கிலோமீற்றர் காட்டுகிறது. உள்ளே வட்டக் காகிதம் போடுகிற டகோகிராப் இருக்கிறது. 'இது இருக்கிற லொறியில் மீற்றரைத் திருப்ப ஏலாது' என்கிறார் தரகர். லண்டனில் லொறி ஓடுகிற மச்சானோ, டகோகிராப் சட்டம் கடுமையானது, கவனமாக இரு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தரகர் சொல்வது பிழை. மச்சான் சொல்வது சரிதான், ஆனால் அது அவர் ஓடுகிற தெருவுக்கான சட்டம். எனினும் அந்தச் சட்டத்தில் உங்களுக்கும் தேவையான விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பெட்டியின் வேலை என்ன என்று பார்ப்போம். டகோகிராப்புக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. அது மெழுகு பூசிய வட்டக் காகிதத்தை 24 மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. மூன்று ஊசிகள் அதில் கீறிக்கொண்டே போகும். ஒன்று வேகம், ஒன்று வண்டி ஓடியதா நின்றதா என்பது, மூன்றாவது தூரம். தூரக் கோடு மலை மலையாக ஏறி இறங்கும். ஒரு மலை 10 கிலோமீற்றர். கியர்பொக்ஸில் உள்ள சென்சரிலிருந்துதான் இதற்கெல்லாம் செய்தி வருகிறது.

ஐரோப்பாவில் 3.5 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு இது கட்டாயம். மச்சான் இருக்கிற பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் சாரதி ஓடுகிற நேரத்துக்கான அதே மணிக்கணக்கை வைத்திருக்கிறது. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம், கிழமையில் இரண்டு நாள் மட்டும் 10. கிழமைக்கு 56, அடுத்தடுத்த இரண்டு கிழமைக்கும் சேர்த்து 90. நாளொன்றுக்கு 11 மணித்தியால ஓய்வு. அங்கே 2006 மே மாதத்திலிருந்து புது வண்டிகளில் காகிதம் போய், சாரதியின் பெயரில் கார்ட் வந்துவிட்டது. பொலிஸ் மறித்தால் அந்தக் கார்ட்டைத்தான் வாசிக்கிறார்கள்.

உங்கள் லொறி வந்த ஜப்பானில் வேறு மாதிரி. முன்பு 8 தொன் மொத்த எடை அல்லது 5 தொன் சுமை உள்ள லொறிகளுக்கே டகோகிராப் கட்டாயமாக இருந்தது. 2015 ஏப்ரலில் புது வண்டிகளுக்கும் 2017 ஏப்ரலில் பழைய வண்டிகளுக்கும் அது 7 தொன், 4 தொன் என்று இறக்கப்பட்டது. ஆனால் வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிற, பச்சை நம்பர் தகடு போட்ட லொறிகளுக்குத்தான் இந்தச் சட்டம். தன் கொம்பனிச் சாமானைத் தானே ஏற்றுகிற வெள்ளைத் தகட்டு லொறிக்கு இல்லை. ஆகவே உங்கள் லொறியில் டகோகிராப் இருப்பது எனக்கு முதலில் சொல்கிற செய்தி வேறு: இது அங்கே பச்சைத் தகட்டில் உழைத்த வண்டியாக இருக்கக்கூடும்.

அப்படியானால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாடகை லொறி ஒரு நாளைக்கு 250 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடினால் வருடத்துக்கு 75,000. மூன்று வருடத்தில் 225,000. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும்போதே உங்கள் மீற்றரில் இப்போது இருப்பதைவிடக் கூடுதலாக ஓடியிருக்கும். இங்கே ஓடிய வருடங்கள் அதற்கு மேல். இது மதிப்பீடுதான். ஊருக்குள் மட்டும் விநியோகம் செய்த வண்டியென்றால் மிகக் குறைவாகவும் ஓடியிருக்கலாம். எது உண்மை என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

மீற்றர் திருப்புவதை டகோகிராப் தடுக்காது. பழைய வகையில் மீற்றரும் டகோகிராப்பும் ஒரே உருப்படி. அதை அப்படியே கழற்றிவிட்டு, பழைய உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கிய இன்னொன்றைப் பொருத்தலாம். பொருத்திய உருப்படி முன்பு எந்த லொறியில் இருந்ததோ அந்த லொறியின் தூரத்தைத்தான் காட்டும். பிந்திய வகையில் டகோகிராப் ரேடியோ அளவில் தனிப் பெட்டி. மீற்றர் வேறிடத்தில் இருப்பதால், பெட்டியைத் தொடாமலே மீற்றரை மாற்றிவிடலாம். டயர் அளவையோ டிஃபரன்ஷலையோ மாற்றிவிட்டு டகோகிராப்பைச் சரிசெய்யாமல் விட்டாலும் தூரம் பிழைக்கும். அதில் களவு இருக்க வேண்டுமென்றுகூட இல்லை.

ஆனால் நீங்கள் மூடியைத் திறந்து பாருங்கள். இதைச் செய்யாமல் லொறி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. உள்ளே பழைய டிஸ்க், அதாவது அந்த வட்டக் காகிதம், சிக்கியிருக்கலாம். டாஷ்போர்ட் பெட்டியிலும் சீற்றுக்குப் பின்னாலும் தேடுங்கள். டிஸ்க்கின் நடுவில் சாரதி திகதியும், புறப்பட்டபோதும் வந்தபோதும் மீற்றர் காட்டியதையும் கையால் எழுதியிருப்பார். ஜப்பான் எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, இலக்கங்கள் நமக்குத் தெரிந்தவைதானே. 2017ஆம் ஆண்டு டிஸ்க் ஒன்றில் 240,000 என்று எழுதியிருந்தால், 162,000க்குக் கதை முடிந்தது. டிஸ்க் கிடைப்பது அதிர்ஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவுகளை அங்கே ஒரு வருடம்தான் வைத்திருக்க வேண்டும், பிறகு எறிந்துவிடுவார்கள்.

இதைவிடப் பலமான சாட்சி ஜப்பான் ஏற்றுமதிச் சான்றிதழ். அங்கே சரக்கு லொறிகள் ஏறக்குறைய வருடாவருடம் அரசாங்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். அப்போது பதிந்த கிலோமீற்றர் அந்தச் சான்றிதழில் வரும். வாடகைத் தொழிலுக்கா சொந்தப் பாவனைக்கா என்பதும் தெரியும். தரகரிடம் அதன் பிரதியைக் கேளுங்கள். "தொலைந்துவிட்டது" என்றால் சண்டை வேண்டாம். லொறி ஐந்து லட்சம் கிலோமீற்றர் ஓடியதென்று மனதில் வைத்து, எஞ்சின் இறக்கிச் செய்கிற செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஸ்கேனர் உள்ள கராஜில் எஞ்சின் கம்பியூட்டரையும் வாசிக்கச் சொல்லலாம். எஞ்சின் ஓடிய மணித்தியாலம் அதில் கிடைத்தால், மீற்றர் தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எஞ்சினைக் குளிராக இருக்கும்போதே உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. சைலன்சரில் இருக்க வேண்டிய டீசல் புகை வடிகட்டி, இசுசுவில் டீபீடி என்பார்கள், இருக்கிறதா என்று பாருங்கள். அடைத்துக்கொள்கிறது என்று இங்கே பலர் அதை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பிறகு கீழே படுத்து செசியைப் பாருங்கள். வில் பிடிக்கிற இடங்களுக்குப் பக்கத்தில் வெடிப்போ புது வெல்டிங்கோ இருந்தால் அது மணலோ கல்லோ அளவுக்கு மீறி ஏற்றிய வண்டியாக இருக்கலாம். அடிப்பாகம் முழுவதும் செதில் செதிலாகத் துரு என்றால் ஜப்பானின் பனிப் பிரதேசத்தில், உப்புத் தூவிய தெருக்களில் ஓடியிருக்கலாம். துருவுக்கு மேல் புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

ஆவணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செசியில் பொறித்த இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். லீசிங் கொம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் புத்தகத்தில் இருக்கிறதா என்பதை, கட்டணம் கட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலேயே விசாரியுங்கள். இந்த வருடத் தகுதிச் சான்றிதழும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். வாங்குகிறவர் பெயரை எழுதாமல் வெறும் கையெழுத்துப் போட்ட "ஓப்பின் பேப்பரில்" வாங்காதீர்கள். 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை இறக்குமதி நின்றிருந்த காலத்தில் ஒரே லொறி பல கை மாறியிருக்கிறது. இடையில் நின்ற ஆளைத் தேடி அலைய வேண்டி வரும்.

இனி மச்சானின் சட்டத்துக்கு வருகிறேன். கொழும்பில் இத்தனை வருடம் லொறிகளோடு இருந்த எனக்கு, டிஸ்க்கைக் காட்டு என்று பொலிஸ் கேட்டதாக நினைவில்லை. ஓடிய மணித்தியாலத்தை டகோகிராப்பில் பார்த்துச் சாரதிக்குத் தண்டம் போடுகிற ஏற்பாடு இங்கே நடைமுறையில் இல்லை. அதனால் வாங்கியவுடன் பெட்டியின் வயரைக் கழற்றிவிடுவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சுமார் இருபது வருடத்துக்கு முன், ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் வாகனப் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. தம்புத்தேகமவுக்குக் கிட்ட எங்கள் லொறி ஒன்று, தெருவோரம் நின்ற இன்னொரு லொறியின் பின்னால் அடித்தது. சாரதிக்கு இரண்டு காலும் முறிந்தன. டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். முதல்நாள் விடிய நாலு மணிக்குப் போட்ட டிஸ்க் அது. பகல் முழுவதும் துறைமுகத்துக்கும் ஒருகொடவத்தைக்கும் ஓடியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு அனுராதபுரப் பக்கம் அனுப்பியிருக்கிறோம். விடியப்புறம் ஒன்று ஐம்பதுக்கு வேகக் கோடு நேராகக் கீழே விழுந்திருக்கிறது, பிரேக் பிடித்த சரிவே இல்லை. அந்த 22 மணித்தியாலத்தில் வண்டி ஆகக் கூடுதலாக நின்ற நேரம் 35 நிமிடம். டகோகிராப் எல்லாவற்றையும் சரியாகவே எழுதியிருந்தது. நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

இப்போது உங்கள் மூன்று நடையை எடுப்போம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சுமை லொறி சராசரி 45இல் போனால் ஒரு வழிக்கே ஒன்பது மணித்தியாலம் ஆகும். ஐரோப்பியச் சட்டத்தில் ஒரு சாரதியின் ஒரு நாள் அதோடு முடிந்தது. அடுத்த 11 மணித்தியாலம் அவர் படுக்க வேண்டும். மூன்று நடை போய்வர ஆறு தரம் ஒன்பது, 54. கிழமைக்குரிய 56க்குள் அடங்குகிறது. ஆனால் இரண்டு கிழமைக்கு 108 வருகிறது, எல்லையோ 90. ஆகவே உங்கள் வேலைக்கு ஒரு சாரதி காணாது. லொறியின் விலையைப் பார்க்கிறபோதே இரண்டாவது சாரதியின் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள். கனரக அனுமதிப்பத்திரம் இல்லாத கிளீனரை இரண்டாவது சாரதியாக எண்ண வேண்டாம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் சாரதி நித்திரையைக் குறைத்து நடையைக் கூட்டுவார். மாதச் சம்பளமும் நாட்படியும் கொடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது டகோகிராப்பில் எழுதியிருக்கிற ஆகக் கூடிய வேகத்துக்குரிய டிஸ்க்கையே வாங்குங்கள். வேறு அளவு போட்டால் கோடு பிழையான வேகத்தைக் காட்டும். ஒவ்வொரு சாரதிக்கும் தனி டிஸ்க். நடுவில் பெயரும் திகதியும் மீற்றரும் எழுதச் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே டிஸ்க்கை விட்டால் கோட்டுக்கு மேல் கோடு விழுந்து ஒன்றும் வாசிக்க முடியாது. அனுராதபுரத்தில் சாரதி மாறினால் அங்கேயே டிஸ்க்கும் மாற வேண்டும். லொறி கடைக்கு வந்ததும் பில் புத்தகத்தோடு அந்த இரண்டு டிஸ்க்கையும் வாங்கி, சாமான் கணக்குக்கு முன்னால் அதை வாசியுங்கள்.