ஜவ்வரிசி என்ன நிறம்?

வணக்கம் சார்,

ஆத்தூர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. தாத்தா ஆரம்பித்தது. நான் சேலத்தில் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருடம் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். இதுவரை மூட்டையாகத்தான் விற்கிறோம். இனி எங்கள் பெயரிலேயே அரைக்கிலோ பாக்கெட் போடலாம் என்று ஆசை. சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு டிசைனரிடம் போனேன். நீலம் என்றால் நம்பிக்கை, பச்சை என்றால் இயற்கை, சிவப்பும் மஞ்சளும் பசியைத் தூண்டும் என்று ஒரு சார்ட் காட்டினார். வாங்குகிறவர்கள் 90 சதவீதம் நிறத்தை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்றார். மூன்று கவர் போட்டுக் கொடுத்து, நீலத்தை எடுக்கச் சொல்கிறார். அப்பாவும் நீலம்தான் என்கிறார், "அதுலதான் சரக்கு வெள்ளையா தெரியும்" என்று. எனக்குப் பச்சை பிடித்திருக்கிறது. இந்த நிற உளவியல் எல்லாம் உண்மையா சார்? எதை எடுக்கட்டும்?

ஆத்தூரிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

தொழில் யோசனை கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஒரு பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கக்கூடத் துப்பில்லாதவன் நான். உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இதையும் தாண்டிப் போயிருப்பேன். போன வாரம்தான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடையில், திறந்து வைத்திருந்த ஜவ்வரிசி மூட்டை முன்னால் நின்றுகொண்டு, இது ஏன் இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் இரண்டு தடவை "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்.

முதலில் அந்த 90 சதவீதத்தைத் தூக்கித் திண்ணையில் போடுங்கள். 2006இல் ஒரு நிர்வாகவியல் இதழில் வந்த கட்டுரையிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்லும் எண் அது. கட்டுரை ஆசிரியர் சோதனை செய்து கண்டுபிடித்தது அல்ல, அவரும் வேறு இடத்திலிருந்து எடுத்துப் போட்டதுதான். கைமாறிக் கைமாறி இப்போது ஐந்து ரோடுக்கு வந்திருக்கிறது.

சார்ட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். நீலம் என்றால் நம்பிக்கையாம். ஆவின் பாலில் ஆரஞ்சு பாக்கெட்டுக்கு 6 சதவீதம் கொழுப்பு, பச்சைக்கு 4.5, நீலத்துக்கு 3. எங்கள் வீட்டில் நீலம் என்றால் இன்றைக்குக் காபி தண்ணியாக இருக்கும் என்று அர்த்தம். மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் தடவுகிறோம். அதே மஞ்சளில் கடுதாசி கொடுத்தால் ஆள் திவால். மஞ்சள் பத்திரிகை என்றால் முகம் சுளிக்கிறோம். மஞ்சப்பை தூக்கியவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர்தான் இது. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் நடத்த வேண்டி வந்தது. கார்த்திகை மாதம் புது பஸ் ஸ்டாண்டில் கருப்பு வேட்டி கட்டி நிற்பவர் சாமி. 1944இல் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அந்தக் கழகத்துக்காரரின் கருப்புச் சட்டை சொல்வது முற்றிலும் வேறு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் டிசைனரின் சார்ட்டில் கருப்புக்கு என்ன போட்டிருக்கிறார்? 'ஆடம்பரம்' என்றுதானே?

அதற்காக நிறத்துக்கு வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011இல் கோகோ கோலா கம்பெனி அமெரிக்காவில் பனிக்கரடிகளுக்காக வெள்ளை டப்பா போட்டது. உள்ளே அதே பானம். ஜனங்கள் டயட் கோக் என்று நினைத்துக் குழம்பினார்கள், ருசியே மாறிவிட்டது என்றுகூடச் சிலர் புகார் சொன்னார்கள். சில வாரங்களிலேயே சிவப்புக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. கண் சொல்வதை நாக்கு நம்புகிறது, அது உண்மைதான். ஆனால் அந்தச் சிவப்புக்கு அவ்வளவு அர்த்தம் எங்கிருந்து வந்தது? பல பத்து வருடமாக ஒரே சரக்கை ஒரே சிவப்பில் கொடுத்ததால் வந்தது. சிவப்பு பசியைத் தூண்டும் என்று யாரோ சார்ட் போட்டதால் வரவில்லை.

இப்போது உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவர் டிசைனரைவிட விவரம் தெரிந்தவர். எங்கள் வீட்டில் அம்மா என் அப்பாவின் வேட்டியை அலசிவிட்டு, கடைசி வாளித் தண்ணீரில் நாலு சொட்டு நீலம் விடுவாள். துவைக்கத் துவைக்க வெள்ளைத் துணியில் லேசாக மஞ்சள் ஏறும். நீலம் அதை அமுக்கிவிடும். மஞ்சள் எங்கேயும் போகவில்லை, நம் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். உள்ளே தெரிகிற மாதிரி நீல கவர் போட்டால் ஜவ்வரிசிக்கும் அதே சொட்டு நீல வைத்தியம்தான் நடக்கும். டிசைனர் அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார். உங்கள் அப்பா உள்ளதைச் சொல்லிவிட்டார்.

ஆனால் தம்பி, சரக்கை ஏன் வெள்ளையாகக் காட்ட வேண்டும்?

உங்களுக்குத் தெரியாததா. குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைப் பறித்த மறுநாளே உள்ளே கருக்க ஆரம்பித்துவிடும். சுடச்சுட ஆலைக்குக் கொண்டுவந்து, தோலை முழுக்கச் சீவி, நல்ல தண்ணீரில் கழுவி அரைத்து, கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குலுக்கி, சலித்து, வறுத்துக் களத்தில் காயப் போட்டால் வருவது கொஞ்சம் மங்கிய வெள்ளை. அதுதான் அதன் நிறம். வியாபாரி வந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் காட்டி, "இன்னும் வெள்ளை வேணும்" என்கிறார். மகாராஷ்டிரத்தில் விரத நாளில் சாபுதானா கிச்சடி செய்கிற அம்மாவுக்கு வெள்ளை என்றால் சுத்தம். அவர் கேட்பதில் தப்பில்லை. அந்தச் சுத்தத்தைத் தோல் சீவியும் கொடுக்கலாம், தோலோடு அரைத்துவிட்டு வெளுக்கிற மருந்து ஊற்றியும் கொடுக்கலாம். இரண்டாவது சுலபம். உணவுப் பாதுகாப்புத் துறைக்காரர்கள் ஆலைகளில் சோதனை போட்ட செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை பார்த்துவிட்டோம். உங்கள் ஆலையில் அப்படி என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் சொல்லவில்லை. கவரின் நிறத்தைப் பற்றி அத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள், சரக்கின் நிறத்தைப் பற்றி இருப்பது ஒரே வரி, அதுவும் உங்கள் அப்பாவுடையது. படித்த பிள்ளை, எனக்குக் கோபம் வராதா?

எண்பதுகளில் என் அத்தை ஒரு சேகோ ஆலையில் களத்து வேலைக்குப் போனாள். எந்த ஆலை என்பது வேண்டாம். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் கூடவே போவேன். மதிய வெயிலில் அந்தக் களத்தை நேராகப் பார்க்க முடியாது, கண் கூசும். பெண்கள் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, பலகையால் தள்ளித் தள்ளிக் காய வைப்பார்கள். எனக்கு அது பனி பெய்த ஊர் மாதிரி இருக்கும். பனியை நான் எங்கே பார்த்தேன், காலண்டரில்தான். அத்தைக்குக் கண்ணோரத்தில் எப்போதும் சுருக்கம், வீட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் முதலாளி வீட்டுக்கு ஒரு பை ஜவ்வரிசி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். போகிற வழியில் வீட்டில் நின்று, பையிலிருந்து ஒரு கை எடுத்து முறத்தில் கொட்டினாள். பக்கத்தில் எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு கை. எங்களுடையது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. முதலாளி வீட்டுக்குப் போவது தாயம் ஆடி ஆடி மங்கிப்போன சோழி நிறம். நான் எங்களுடையதுதான் ஒசத்தி என்று நினைத்தேன். அத்தை சிரித்தாள். "இது அவங்க திங்க. அது நாம விக்கிறது." ஒரு மணியைப் பையிலிருந்து எடுத்து என் வாயில் போட்டுவிட்டு, மற்றதைத் திரும்பப் பையில் அள்ளினாள். முறத்தின் இடுக்கில் சிக்கிய நாலைந்தைக்கூட விடவில்லை.

அந்த மணி ஒன்றும் ருசிக்கவில்லை. பச்சை ஜவ்வரிசி எப்படி ருசிக்கும்? பல்லில் ஒட்டிக்கொண்டது.

நிறங்களின் உளவியல் உண்மையா என்று கேட்டீர்கள். இதுதான் எனக்குத் தெரிந்த உண்மை. சரக்குக்கு ஏற்ற மாதிரி நிறம் என்று ஆரம்பித்து, கடைசியில் நிறத்துக்கு ஏற்ற மாதிரி சரக்கை மாற்றிவிடுகிறோம். நம் ஊர் மல்கோவாவுக்கும் இதே கதிதான். பழுத்தாலும் தோலில் பச்சை முழுசாகப் போகாத பழம் அது. ஜனங்களுக்கு மஞ்சள் வேண்டும், குடோனில் கார்பைடு கல் வைக்கிறான்.

ஜவ்வரிசி என்ற பெயரே கடன் வாங்கியதுதானே. அசல் சேகோ கிழக்கே தீவுகளில் ஒரு பனை மரத்தின் உள்சோற்றிலிருந்து வருவது. யுத்த காலத்தில் சிங்கப்பூர், மலாயா வரத்து நின்றுபோனதும், 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கில் செய்து பார்த்தார்கள். மாற்றுச் சரக்காகப் பிறந்தது தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்து, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்த பிறகு அதை ஏன் இன்னொன்றாக வேஷம் போட வைக்க வேண்டும்?

சரி, கேட்டதற்குப் பதில். மூன்று கவரையும் எடுத்துக்கொண்டு நாலு மளிகைக் கடைக்குப் போங்கள். ஜவ்வரிசி அடுக்கிய தட்டில் எந்த நிறம் இல்லையோ அதைப் போடுங்கள், தூரத்திலிருந்தே கண்ணில் படும். பச்சையாக இருந்தால் பச்சை, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நிறமே இல்லாத இடம் விடுங்கள், சரக்கு அப்படியே தெரியட்டும். கீழே "தோல் சீவி அரைத்தது, மருந்து போடாதது, வெள்ளை கம்மியாக இருக்கும்" என்று போடுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும். டிசைனர் தலையில் அடித்துக்கொள்வார். அப்பா அதற்கு மேல். முதல் வருடம் பாக்கெட் தேங்கினாலும் தேங்கும், அதற்கு என்னைத் திட்டிக் கடிதம் போடுங்கள், வெளியிடுகிறேன்.

அப்புறம், கவர் அச்சுக்குப் போகும் முன்னால் அரைக்கிலோ எனக்கு அனுப்பி வையுங்கள். வெறும் பேப்பரில் பொட்டலம் கட்டி அனுப்பினால் போதும். தை மாதத்தில் அந்தப் பக்கம் வருகிற வேலை இருக்கிறது, களத்தையும் பார்த்துவிட்டுப் போகிறேன். காலையிலேயே வந்துவிடுகிறேன். மதியம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் கண் கூசுகிறது.