தண்ணி, கூல்ட்ரிங்க்ஸ் வர்ற பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில் பத்தி கேட்டிருந்தீங்க, இந்தாங்க பதில்

கேள்வி: சுடுதண்ணி ஊத்துனா பாட்டில் சுருங்கிடுது சார், உருகுதா?

உருகல. பெட் உருக 250 டிகிரி கிட்ட வேணும், ஆனா 75 டிகிரி சுமாருக்கே இளகிடும். கம்பெனிக்கு பாட்டில் வரும்போது தடிச்ச டெஸ்ட் ட்யூப் மாதிரிதான் இருக்கும், ப்ரீஃபார்ம்னு சொல்வாங்க, அதை சூடாக்கி உள்ள கம்பிய விட்டு நீளமா இழுத்து காத்தடிச்சு ஊதி டக்குனு ஆறவெப்பாங்க, அப்ப இழுபட்ட மூலக்கூறுங்க அப்படியே நின்னுடும். சூடு பட்டதும் பழைய இடத்துக்கே ஓடப் பாக்குது, அவ்ளோதான். சுருங்குன பாட்டில எடுத்து கழுத்த பாருங்க, மரை இருக்குற இடம் பெருசா மாறியிருக்காது, ஏன்னா அதை யாரும் இழுக்கவே இல்ல.

கேள்வி: வெயில்ல கார்லயே கிடந்த தண்ணி, பிபிஏ இறங்கியிருக்குமா?

பிபிஏங்கறது உடம்புக்கு ஆகாதுன்னு பயப்படுற ஒரு ரசாயனம். பெட்ல அது கிடையவே கிடையாது, அது பாலிகார்பனேட்டுங்கற வேற பிளாஸ்டிக்கோட சமாச்சாரம். பெட்டுங்கறது டெரிப்தாலிக் ஆசிட், எத்திலீன் கிளைக்கால்னு ரெண்டு ரசாயனம் கைகோத்து நீளமா போற மூலக்கூறு சங்கிலி. பெட் செய்யும்போது வினைய வேகப்படுத்த போடுற ஆன்டிமனிங்கற தனிமம் மட்டும் துளியூண்டு தங்கும், சூடு ஏற ஏற கொஞ்சம் கூடுதலா இறங்கும். ஒரு மத்தியானத்துக்கெல்லாம் பயப்பட வேணாம், வாரக்கணக்குல வெயில்ல அடுக்கி வெக்கிற கடையில நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: பாலியஸ்டர் சட்டையும் இதுவும் ஒண்ணுங்கறாங்களே?

ஒண்ணேதான். இங்கிலாந்துல வின்ஃபீல்டும் டிக்சனும் 1941ல நூலாத்தான் கண்டுபிடிச்சாங்க, அமெரிக்க இன்ஜினியர் நதேனியல் வைத் பாட்டிலுக்கு பேடன்ட் வாங்குனது 1973ல. பாட்டிலுக்கு சங்கிலி நீளமா வேணும், நூலுக்கு கம்மியா இருந்தாலும் ஓடும். பழைய பாட்டில உருக்கும்போது ஈரம் இருந்தா சங்கிலி அறுந்துடும், அதனாலதான் தலகாணி பஞ்சாவும் துணியாவும் நிறைய போகுது. நல்லா காயவெச்சு, சங்கிலிய திரும்ப நீட்டுனா பாட்டிலாவும் ஆக்கலாம்.

கேள்வி: மறுசுழற்சிக்கு போடும்போது மூடிய கழட்டிட்டுத்தான் போடணுமா?

மூடி வேற பிளாஸ்டிக், தண்ணில மிதக்கும், பெட் முங்கிடும், நொறுக்கி தொட்டியில போட்டா தானா பிரிஞ்சிடும். உண்மையான வில்லன் பிவிசிங்கற இன்னொரு பிளாஸ்டிக், சில லேபிள்ல வரும். பெட் உருகுற சூட்டுல அது ஆசிட்ட கக்கி மொத்த சரக்கையும் மஞ்சளாக்கி கெடுத்துடும். அதனால லேபிள கிழிச்சுட்டு போடுங்க, மூடிக்கு கவலப்படாதீங்க.

கேள்வி: குட்டி பாட்டில் கூல்ட்ரிங்க்ஸ்ல மட்டும் கேஸ் சீக்கிரம் போகுதே?

பெட் வழியா கேஸ் மெல்ல கசியும். சின்ன பாட்டில்ல உள்ள இருக்கற அளவோட ஒப்பிட்டா சுவரோட பரப்பு ஜாஸ்தி, அதனால சீக்கிரம் போயிடும். வாங்கும்போது தேதி பாத்து வாங்குங்க.