ஹெபடைடிஸ் பி உள்ள கர்ப்பிணி: பிள்ளைக்கு இரண்டு ஊசி, 12 மணி நேரத்துக்குள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சி பக்கம் இருக்கிறோம். எனக்கு இது 24-ஆவது வாரம். ரத்தப் பரிசோதனையில் 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று வந்துவிட்டது. பிள்ளைக்கும் ஒட்டியிருக்குமா? ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டுமா? பால் கொடுக்கலாமா? அத்தை பச்சிலை மருந்து குடிக்கச் சொல்கிறார்கள். லேப்காரர் ஒருவர் 'டார்ச்' டெஸ்டும் எடுத்துவிடுங்கள் என்கிறார்.

பதில்: 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்றால் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். அது வயிற்றுக்குள் வைத்தே பிள்ளைக்குத் தொற்றுவது குறைவு. பிரசவத்தின்போது தாயின் ரத்தம் பிள்ளைமேல் படும்போதுதான் பெரும்பாலும் தொற்றுகிறது. பிறந்த பிறகு ஊசி போட்டுக்கூட இதைத் தடுக்க முடிவது அதனால்தான். இதற்காக மட்டும் ஆபரேஷன் வேண்டாம். பால் தாராளமாகக் கொடுங்கள். ஊசி போடும்வரை பொறுக்கலாம் என்று சீம்பாலைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

தடுக்காமல் விட்டால் நிலைமை வேறு. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் உடம்பில் தங்கும். பிறக்கும்போதே தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பிள்ளைகளுக்குத் தங்கிவிடும். பிற்காலத்தில் ஈரல் சுருக்கமும் புற்றுநோயும் வருவது இந்த வழியில்தான்.

பிள்ளைக்கு ஊசி இரண்டு. ஒன்று ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, 0.5 மி.லி. இன்னொன்று ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அதுவும் 0.5 மி.லி. ஒரே நேரத்தில் போடலாம். ஆனால் வெவ்வேறு தொடையில். தடுப்பூசி பிள்ளையின் உடம்பைத் தானே எதிர்ப்புச் சக்தி தயாரிக்க வைக்கும், அதற்கு வாரங்கள் ஆகும். இம்யூனோகுளோபுலின் ஏற்கெனவே தயாரான எதிர்ப்புச் சக்தி, இடைப்பட்ட காலத்துக்கு அதுதான் காவல். 12 மணி நேரத்துக்குள் இரண்டும் உள்ளே போய்விட வேண்டும்.

நம் ஊரில் சறுக்குவது இந்த இடத்தில்தான். தடுப்பூசி பத்துப் பேருக்கான குப்பியில் வரும். ஒரு பிள்ளைக்காக உடைப்பானேன் என்று 'நாளைக்கு இன்னும் ரெண்டு பிரசவம் இருக்கு, சேர்த்துப் போட்டுக்கலாம்' என்பார்கள். திறந்த குப்பியை முறையாகக் குளிரில் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்று அரசின் விதியே சொல்கிறது. அந்தச் சுற்றறிக்கையை எடுத்துப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. இம்யூனோகுளோபுலின் 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். ஞாயிறு ராத்திரி பிரசவமானால் ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் திட்டத்தில் எழுதவில்லை.

ஆகவே வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். எட்டாம் மாதத்திலேயே உங்கள் கிராம சுகாதார செவிலியரோடு பேசி, இம்யூனோகுளோபுலின் கையிருப்பு உள்ள இடத்தில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு போன்ற பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் முடிவைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். 'நான் வாங்கித் தாரேன்' என்று வாசலில் நிற்கும் தரகரிடம் இந்த மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது, உறையவும் கூடாது. சட்டைப்பையில் வெயிலோடு வந்த குப்பியைப் பார்த்து அது கெட்டதா நல்லதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி உங்களுக்கானது. 28-ஆவது வாரத்துக்குள் இரண்டு சோதனை வேண்டும்: வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் ஹெச்.பி.இ.ஏ.ஜி., ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. முதலாவது பாசிட்டிவ் என்றாலோ, வைரஸ் அளவு ஒரு மி.லி. ரத்தத்தில் 2 லட்சம் யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தாலோ, வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் 300 மி.கி. மாத்திரை தினம் ஒன்று 28-ஆவது வாரத்திலிருந்து தருவார்கள். அந்த நிலையில் ஊசி மட்டும் போட்டால் அதையும் மீறிச் சில பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும். மாத்திரையும் சேர்ந்தால் அந்த ஓட்டையும் பெரும்பாலும் அடைபடும். பிரசவம் முடிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஈரல் திடீரென்று வீங்கலாம். டாக்டர் சொல்லும்போது நிறுத்தி, அதன்பிறகும் ஈரல் சோதனை செய்துகொள்ளுங்கள்.

பச்சிலை வேண்டவே வேண்டாம். உங்களுக்கு மஞ்சள் காமாலையே இல்லை, ரத்தத்தில் வைரஸ்தான் இருக்கிறது. காமாலை மருந்து என்று தருவதில் என்ன அரைத்திருக்கிறார்கள் என்று தெரியாது, பாடு உங்கள் ஈரலுக்கு. 'டார்ச்' டெஸ்ட் கர்ப்பத்தில் வரக்கூடிய வேறு சில தொற்றுகளைப் பார்ப்பது, அதற்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை. அதில் 'ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று வந்தால் பெரும்பாலும் என்றோ வந்துபோன தொற்றின் அடையாளம். அதைக் காட்டிப் பயமுறுத்தி அடுத்த டெஸ்ட், அதற்கடுத்த டெஸ்ட் என்று இழுப்பார்கள்.

எடை குறைந்த பிள்ளை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தால் 'எடை கூடட்டும்' என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படித் தள்ளவே கூடாது. எடை எவ்வளவானாலும் இரண்டு ஊசியும் 12 மணி நேரத்துக்குள்தான். சின்ன உடம்பில் முதல் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன்பிறகு மூன்று தவணை முழுதாக வேண்டும். 6, 10, 14-ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலேயே ஹெபடைடிஸ் பி மருந்து இருப்பதால் அந்த மூன்றும் தானாக வந்துவிடும். ஒன்றைக்கூடத் தவறவிடாமல் இருந்தால் சரி.

பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து 'பிள்ளைக்கு இருக்கு, இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் தாயின் ரத்தம் கலந்திருக்கலாம். பிறகு பிள்ளையின் ரத்தத்தை எடுத்தாலும், ஊசியின் தடயமே சில வாரங்களுக்குக் குழப்பும். 9 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யும், எதிர்ப்புச் சக்தியின் அளவும் பாருங்கள். முன்னது நெகட்டிவ், பின்னது ஒரு மி.லி.க்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் என்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. 10-க்குக் கீழே என்றால் திரும்பவும் தடுப்பூசி போட வேண்டும். வீட்டுக்காரரையும் இப்போதே சோதிக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்றால் அவருக்கும் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.