விண்வெளி என்ற பெயருக்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், செயற்கைக்கோள்களுக்கு இடையே லேசர் மூலம் இணையத் தரவு அனுப்பும் துறைதான் வேண்டும் என்று உறுதியாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அதை நம்பிப் படிக்கவைக்கலாமா என்ற உங்கள் கவலை புரிகிறது. தாராளமாகப் படிக்கவைக்கலாம். செயற்கைக்கோள் வழியே இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க், 2021 முதல் தன் செயற்கைக்கோள்களில் லேசர் இணைப்புகளைப் பொருத்தி வருகிறது. தரைநிலையம் எட்டாத நடுக்கடலிலும் அதன் சேவை கிடைப்பது அதனால்தான். அமேசானும் 2023-இல் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்களுக்கு இடையே, சுமார் 1000 கி.மீ. தொலைவில், விநாடிக்கு 100 ஜிகாபிட் வேகத்தை எட்டியது.

ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை இருவரும் தெரிந்துகொள்ளுங்கள். விநாடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் பறக்கும் ஒரு செயற்கைக்கோள், தொலைவில் பறக்கும் இன்னொன்றின் சிறிய தொலைநோக்கிக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் கற்றையைச் செலுத்த வேண்டும். ஒளி போய்ச் சேர்வதற்குள் அந்த இன்னொரு செயற்கைக்கோள் நகர்ந்துவிடும். ஆகவே அது போகப்போகும் இடத்தைக் கணித்துக் குறிவைக்க வேண்டும். செயற்கைக்கோளைத் திருப்புவதற்காக உள்ளே சுழலும் சக்கரங்களின் நுண்ணதிர்வுகூடக் கற்றையை விலக்கிவிடும். லேசர் தெரிந்தால் மட்டும் போதாது. ஒளியியல், கட்டுப்பாட்டுப் பொறியியல், மின்னணுவியல் மூன்றும் கைகோக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் இடம் மாற மாறத் தரவின் பாதையையும் மாற்றியமைப்பது கணினி அறிவியல் படித்தவர்களின் வேலை.

எனவே, நல்ல கல்லூரியில் மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியல் எடுப்பதே என் முதல் பரிந்துரை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றால், திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்.டி.) ஏவியானிக்ஸ், அதாவது விண்கல மின்னணுவியல், படிக்கலாம். இயற்பியலில்தான் உயிர் என்றால், கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்பம்) படிப்பு இருக்கிறது. பெயரில் விண்வெளி இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கல்லூரிக்கும் பெரும்பணம் கட்டிவிடாதீர்கள். சேர்வதற்கு முன் ஒளியியல் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்கள் கையால் லேசரையும் ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையையும் சீரமைத்துப் பழகுகிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்க விண்வெளி நிறுவனங்களின் பொறியாளர் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையோ வேண்டும். விண்வெளித் தொழில்நுட்பம் வெளிநாட்டவர் கைக்குப் போகாமல் தடுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அப்படி. அந்த வேலையை மட்டுமே நம்பி, வீட்டை அடகுவைத்து அமெரிக்க முதுகலைக்கு அனுப்பாதீர்கள். ஜெர்மனியின் பக்னாங் நகரில் உள்ள டெசாட் நிறுவனம் இந்த லேசர் கருவிகளைப் பல ஆண்டுகளாகத் தயாரிக்கிறது. நம் நாட்டில், பெங்களூரில் இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகமும் ஆஸ்ட்ரோகேட் லேப்ஸ் என்ற இளம் நிறுவனமும் இருக்கின்றன. விண்வெளியில் வாய்ப்புத் தாமதமானாலும், கண்ணாடி இழைத் தொலைத்தொடர்பிலும் தரவு மையங்களிலும் இதே திறமைக்கு வேலை உண்டு.

இப்போதைக்குக் கணிதத்திலும் இயற்பியலிலும் அவள் அடித்தளம் உறுதியாக இருக்கட்டும். கலந்தாய்வுத் தரவரிசை வெளியானதும் மதிப்பெண் விவரத்துடன் எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலைச் சேர்ந்து பார்ப்போம்.