இருபது வீட்டுப் பலகாரமும் பொங்கல் நேரத்துப் பிரசவமும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. சம்பளம் 19,500, பிடித்தம் போகக் கைக்கு 17,000 வரும். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து மாதம் 4,500 வரை சம்பாதிக்கிறேன். இது தலைப்பிரசவம், ஏழாம் மாதம். பொங்கலை ஒட்டித் தேதி கொடுத்திருக்கிறார்கள். தீபாவளி போனஸையும் சேர்த்துக் கையிருப்பு 31,000.

கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இருபது வீடுகளுக்கு அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு, கலகலா, கூடவே உல்லன் நூலில் பின்னிய மேசை விரிப்பு என்று எல்லாம் கையால் செய்தே கொடுத்து வருகிறோம். கடையில் வாங்கினால் வீட்டுக்கு 500 ஆகும். நாங்களே செய்தால் பலகாரச் சாமான் 3,200, நூல் 1,800, மொத்தமே 5,000தான். ஆனாலும் மாமியார் இந்த வருஷம் வேண்டாம் என்கிறார். கணவரோ அரைப் பவுனை அடகு வைத்தாவது செய்யலாம் என்கிறார். ஒரு ஏஜென்ட், இப்போதே மருத்துவ பாலிசி எடுத்தால் பிரசவச் செலவு கிடைக்கும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஏஜென்ட் விஷயம். தனிநபர் மருத்துவ பாலிசிகளில் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. பெரும்பாலானவற்றில் அது இரண்டு வருஷம் அல்லது அதற்கும் மேல். சிலவற்றில் ஒன்பது மாதம். ஏழாம் மாதத்தில் எடுக்கும் பாலிசி இந்தப் பிரசவத்துக்குக் காசு தராது. பிரீமியப் பணம் கையிலேயே இருக்கட்டும்.

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருக்கிறது, கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் கணவர் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பார். சம்பளச் சீட்டைப் பாருங்கள், முக்கால் சதவீதம், அதாவது ஏறக்குறைய 146 ரூபாய் மாதாமாதம் பிடித்திருப்பார்கள். அதில் மனைவியின் பிரசவ மருத்துவமும் அடக்கம். இங்கே வழக்கமாகச் சிக்குவது ஒரே இடத்தில்தான்: கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் பெயரைக் குடும்ப விவரத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். இந்த வாரமே கம்பெனி அலுவலகத்தில் உங்கள் ஆதாரைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லி, புது அட்டையை அச்செடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டுங்கள். அவர்கள் வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே போங்கள். நாமாக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பில்லைப் பிறகு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

இனி பலகாரக் கணக்கு. 5,000 என்பது மளிகைக் கடைச் சீட்டும் நூல் கடைச் சீட்டும் மட்டுமே. பெரிய பர்னரில் மணிக்குச் சுமார் 200 கிராம் கேஸ் எரியும். இருபது வீட்டுப் பலகாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் அடுப்பு எரிந்தால் கால் சிலிண்டருக்கு மேல் போய்விடும், அது 225 ரூபாய். டப்பா ஒன்று 35 என்றால் இருபதுக்கு 700. காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று கொண்டுபோய்க் கொடுக்கும் ஆட்டோ, பஸ் செலவு 900க்குக் குறையாது. வெளியூருக்கு இரண்டு கூரியர் 300. ஆக மொத்தம் 7,125.

அடுத்தது உங்கள் நேரம். ஒரு விரிப்புக்கு நான்கு மணி நேரம் என்றாலும் இருபதுக்கு 80 மணி நேரம். லைனிங் ஜாக்கெட் ஒன்றுக்கு மூன்று மணி நேரம், கூலி 300 என்று வைத்தால் அதே நேரத்தில் 26 ஜாக்கெட், 7,800 ரூபாய். பண்டிகைக்கு முன்னால் ஆர்டருக்குப் பஞ்சம் இருக்காது. உடம்பு கேட்காமல் பாதிதான் தைக்க முடிந்தாலும் 3,900 கைக்கு வரும். எவ்வளவு நேரம் மிஷினில் உட்காரலாம் என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியம், பணம் எந்தத் தேதியில் வெளியே போகிறது என்பது. பொங்கலுக்குத் தேதி என்றால் கிறிஸ்துமஸ் அன்று உங்களுக்கு 37 வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகு எந்த நாளும் வலி வரலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை தையல் வருமானம் நிற்கும் என்று வையுங்கள்: நான்கு மாதத்துக்கு 18,000. அதைக் கையிருப்பிலிருந்து ஒதுக்கினால் மிஞ்சுவது 13,000. பலகாரத்துக்கு 7,125 போனால் மருத்துவமனை வாசலில் உங்கள் கையில் இருப்பது 5,875. மாமியார் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருக்க மாட்டார், ஆனாலும் அவர் பயம் சரியானது.

அதற்காகக் கொடுப்பதையே நிறுத்த வேண்டியதில்லை. 2,000 ரூபாய்க்குள் அடக்கலாம். உல்லன் நூல் வாங்காதீர்கள். தைத்து மிஞ்சிய கட்பீஸ் துணியில் இருபது சுருக்குப் பைகள் தையுங்கள். மணிக்கு நான்கு முடியும், ஐந்து மணி நேரத்தில் வேலை தீரும். டப்பாச் செலவும் மிச்சம். பலகாரத்தில் அச்சு முறுக்கும் கலகலாவும் போதும், ஒரு பையில் பத்து அச்சு முறுக்கு, 200 கிராம் கலகலா. இருபது வீட்டுக்கு இரண்டு கிலோ அரிசி மாவு, இரண்டரைக் கிலோ மைதா, இரண்டு கிலோ சர்க்கரை, நான்கு தேங்காய், பதினைந்து முட்டை, நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கினால் சரியாக இருக்கும். எண்ணெய்க் கசிவு துணியில் இறங்காமல் உள்ளே ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள்.

அதிரசத்தை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். பாகு ஒரு பதம் தப்பினால் மாவு எண்ணெயில் பிரிந்து கரையும். வெல்லம், மாவு, எண்ணெய் மூன்றும் சேர்ந்து நஷ்டம். அச்சு முறுக்கில் அந்த அபாயம் குறைவு. அச்சை எண்ணெயிலேயே நன்றாகச் சூடேற்றி, மாவில் முக்கால் பங்கு மட்டும் முக்கினால் ஒட்டாது. சூடு முழுவதும் ஆறிய பிறகே கட்டுங்கள், டிசம்பர் ஈரத்தில் வெதுவெதுப்பாகக் கட்டினால் மறுநாளே நமத்துப்போகும். ஒன்பதாம் மாதத்தில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நீங்கள் நிற்கக் கூடாது, அந்த வேலை வீட்டில் மற்றவர்களுடையது. கணவர் அச்சு பிடிக்கட்டும்; அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருப்பவருக்கு இது பெரிய வேலையா என்ன? பைகளை வீடு வீடாகக் கொண்டுபோகாமல் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் ஆலயத்திலேயே கொடுத்தால் பயணச் செலவில் பெரும்பகுதி குறையும்.

அரைப் பவுனைப் பலகாரத்துக்காக அடகு வைக்க வேண்டவே வேண்டாம். அது மருத்துவமனைக்கான கடைசித் துணை. தேவை வந்தால் தெருமுனை அடகுக் கடையை விடக் கூட்டுறவு வங்கியில் வட்டி குறைவு. அங்கே கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்கி வையுங்கள்.

தனியாரில்தான் பிரசவம் என்று முடிவெடுத்தால், சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டுக்கும் உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். சிசேரியன் தொகைக்குத் தயாராகுங்கள். குழந்தைக்கான பில் தனியா என்றும் கேளுங்கள். பலர் தடுமாறுவது அதில்தான்: மஞ்சள் காமாலைக்கு விளக்கு வெளிச்சத்தில் வைப்பது, இன்குபேட்டர் எல்லாம் நாள் கணக்கில் ஏறும். மேற்சொன்ன 13,000ஐ வைத்துப் பார்த்தால் இ.எஸ்.ஐ. அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் உங்களுக்குப் பொருந்தும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரொக்கமும் 4,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. நீங்கள் பதிந்திருக்கிறீர்களா, தகுதி இருக்கிறதா என்று சுகாதார செவிலியரிடம் உடனே கேளுங்கள். ரொக்கம் தவணையாக வருவது, ஒரு பகுதி பிரசவத்துக்குப் பிறகுதான். அதனால் மருத்துவமனைச் செலவில் அதைச் சேர்த்து எண்ணாதீர்கள். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ.யில் குழந்தையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

பின்னல் போடும் ஆசை இருந்தால் அதைக் குழந்தைக்காகத் திருப்புங்கள், ஆனால் உல்லன் வேண்டாம். வேலூர் தை மாதக் குளிருக்குப் பருத்தியே போதும். பின்னலின் நூல் வளையத்தில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன எட்டு முழ வேட்டி ஒன்றை 60 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் பன்னிரண்டு துண்டு வரும். இரண்டு வேட்டிக்கு இருபத்து நான்கு. ஓரம் மடித்துத் தைத்தால் முதல் இரண்டு மாதத்துக்கு லங்கோடு தயார்.